நெடுநாள் நின்ற கார் ஸ்ராட் ஆகவில்லையா? விற்பதற்கு முன் ஒருமுறை பாருங்கள்

கரவெட்டி, நெல்லியடி, துன்னாலை, கரணவாய்ப் பகுதிகளுக்குத் திரும்பிவரும் குடும்பங்களில் சிலருக்கு வளவில் ஒரு பழைய கார் நிற்கிறது. ஒருவருடையது போர்ட்டிக்கோவில் தூசி மூடி நிற்கும். இன்னொருவருடையது கூரை விழுந்த கொட்டிலுக்குள் கொடி படர்ந்து கிடக்கும். திறப்பைப் போட்டுத் திருப்பினால் ஒரு சத்தமும் வராது. இந்த நேரம் பார்த்துப் பழைய இரும்பு வாங்குவோர் படலையில் வந்து நின்று ஒரு விலை கேட்பார்கள். கையில் காசில்லாத நாட்களில் அந்த விலை பெரிதாகத்தான் தெரியும்.

விற்பதும் விற்காததும் உங்கள் முடிவு. ஆனால் காரில் என்ன பழுது என்று தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். ஓடக்கூடிய ஒரு கார் இருந்தால் மந்திகை ஆஸ்பத்திரிக்கு இரவில் ஒரு நோயாளியைக் கொண்டுபோகலாம், சந்தைக்கு மரக்கறி ஏற்றலாம், வாடகைக்கு ஓடிக் குடும்பத்துக்கு உழைக்கலாம். நெடுநாள் நின்ற கார் ஸ்ராட் ஆகாததற்குப் பெரும்பாலும் காரணம் செத்த பற்றரி, கறள் பிடித்த ஒரு இணைப்பு, கெட்டுப்போன பெற்றோல் போன்ற சிறு விடயங்களாகவே இருக்கும். அவற்றை ஒரு வரிசையில் பார்த்தால் வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம்.

கிட்டப் போவதற்கு முன்

ஆட்கள் இல்லாத வளவில் நெடுநாள் நின்ற வாகனத்துக்குக் கிட்டப் போவதற்கு முன் அந்த இடத்தில் மிதிவெடி, வெடிபொருள் ஆபத்து இல்லை என்று உறுதிசெய்யுங்கள். கிராம அலுவலரிடம் கேளுங்கள். சிவப்புப் பலகையோ மண்டையோட்டு அடையாளமோ இருந்தால் உள்ளே காலெடுத்து வைக்க வேண்டாம். காருக்குள்ளும், காருக்குக் கீழும், பற்றைக்குள்ளும் தெரியாத வயர், உலோகப் பொருள், புதிதாகக் கிளறிய மண் எதையும் கண்டால் தொடாமல், வந்த வழியாலேயே திரும்பி வந்து கிராம அலுவலருக்கும் பொலிஸாருக்கும் அறிவியுங்கள். பிள்ளைகளைக் காருக்குள் ஏறி விளையாட விடாதீர்கள்.

இடம் பாதுகாப்பானது என்று தெரிந்த பிறகும், பொனற்றைத் திறக்கும்போது ஒரு நீட்டுத் தடியால் தட்டிவிட்டுத் திறவுங்கள். பாம்பு, குளவி, எலி மூன்றுக்கும் இந்த இடம் பிடிக்கும்.

உங்கள் வளவில் நிற்பது வேறொருவருடைய காராகவும் இருக்கலாம். இடம்பெயர்ந்து ஓடிய நாட்களில் பலர் தங்கள் வாகனங்களைக் கிடைத்த வளவில் விட்டுவிட்டுப் போனார்கள். அப்படியானால் ஒரு பாகத்தையும் கழற்றாமல் கிராம அலுவலருக்குத் தெரிவியுங்கள். அந்தக் குடும்பமும் உங்களைப்போல் திரும்பி வரக்கூடும்.

எங்கள் கார்களும் மண்ணெண்ணெயும்

யாழ்ப்பாணத்தில் நிற்கும் பழைய கார்களில் அதிகமானவை இங்கிலாந்தில் செய்யப்பட்டவை: ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போர்ட், மொறிஸ் மைனர். மொறிஸ் மைனர் 1948 முதல் 1971 வரை செய்யப்பட்டது. இந்தக் கார்களின் எஞ்சின் எளிமையானது. பொனற்றைத் திறந்தால் ஒவ்வொரு பாகமும் கண்ணுக்குத் தெரியும், கைக்கும் எட்டும். கொம்பியூட்டர் எதுவும் இல்லை. இத்தனை வருடம் கழித்தும் திருத்த முடிவது அதனால்தான்.

1990 ஜூன் மாதத்தில் போர் மீண்டும் தொடங்கிய பிறகு குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. அந்த வருடங்களில் இந்தக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கொஞ்சப் பெற்றோலில் ஸ்ராட் செய்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாவது கடினம், பெற்றோல் சுலபமாக ஆவியாகும். ஆகவேதான் தொடக்கத்துக்குப் பெற்றோல் தேவைப்பட்டது. பழைய எஞ்சின்களின் அமுக்கம் குறைவு என்பதால் மண்ணெண்ணெயை அவை ஓரளவு தாங்கின.

இது பழைய கதை என்று விட்டுவிட முடியாது. உங்கள் கார் கடைசியாக மண்ணெண்ணெயில் ஓடி நின்றிருந்தால் இன்று அது ஸ்ராட் ஆகாததற்கு மூன்று காரணங்களை அதுவே விட்டுப்போயிருக்கும். ராங்கிலும் கார்புரேற்றரிலும் மண்ணெண்ணெய் மிச்சம் இருக்கும். பிளக்குகளில் கரி படிந்திருக்கும். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் வழியாக இறங்கி எஞ்சின் ஒயிலோடு கலந்து அதைத் தண்ணீர்போல் ஆக்கியிருக்கும். காரைக் கடைசியாக ஓட்டியவர் யார், எதில் ஓட்டினார் என்பதை முதலில் வீட்டுப் பெரியவர்களிடம் விசாரியுங்கள்.

1996 இல் வன்னிக்குப் போய்ப் பின்னர் திரும்பியவர்களின் கார் பத்து வருடத்துக்கும் மேலாக அசையாமல் நின்றிருக்கும். அப்படி நின்ற காரை எடுத்த எடுப்பில் தள்ளி ஸ்ராட் செய்யவோ, ட்ராக்டரில் கட்டி இழுக்கவோ கூடாது. உள்ளே இறுகிப்போன எஞ்சினை வலிந்து சுற்றினால், சிறு செலவில் முடியும் பழுது எஞ்சினையே உடைக்கும் பழுதாகிவிடும். கீழே உள்ள ஐந்து படிகளையும் வரிசையாகச் செய்யுங்கள். ஒரு படி சரி என்று தெரிந்த பிறகே அடுத்ததற்குப் போங்கள்.

படி 1: எஞ்சின் சுற்றுகிறதா?

காரை நியூற்றலில் விடுங்கள். சில்லுகளுக்குக் கல் அணை கொடுங்கள். நான்கு பிளக் வயர்களுக்கும் 1, 2, 3, 4 என்று அடையாளம் போட்டுக் கழற்றுங்கள். ரேடியேற்றர் பக்கம் இருப்பது 1. பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்துவிட்டு, பிளக்குகளையும் கழற்றுங்கள். ஒவ்வொரு துவாரத்துக்குள்ளும் ஒரு மேசைக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு, துணியால் மூடி, ஒரு நாள் விடுங்கள்.

மறுநாள் முன்பக்கத்தால் செருகும் ஹான்டிலைப் போட்டு மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். ஹான்டிலைப் பிடிக்கும்போது பெருவிரலும் மற்ற விரல்களும் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். கீழிருந்து மேலே இழுங்கள், மேலிருந்து கீழே அமத்த வேண்டாம். எஞ்சின் பின்னுக்கு உதைத்தால் பெருவிரலும் மணிக்கட்டும் முறியும்.

சுற்றினால் நல்ல செய்தி. பல முறை மெதுவாகச் சுற்றி ஒயிலைப் பரவ விடுங்கள். சுற்றாவிட்டால் மறுபடியும் ஒயில் விட்டு இன்னும் சில நாட்கள் பொறுங்கள். ஒரு கிழமை கழித்தும் அசையாவிட்டால் அதற்கு மேல் வீட்டில் செய்ய ஒன்றுமில்லை. மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

படி 2: ஒயிலும் தண்ணீரும்

ஒயில் பார்க்கும் கம்பியை உருவிப் பாருங்கள். மண்ணெண்ணெய் மணம் வந்தாலோ, விரலில் வழுக்காமல் நீர்த்து ஓடினாலோ பழைய ஒயிலை முழுக்க இறக்கிவிட்டுப் புதிது விடுங்கள். 20/50 இலக்க ஒயில் போதும். மண்ணெண்ணெய் கலந்த ஒயிலோடு ஓட்டினால் பெயாரிங்குகள் தேய்ந்துவிடும். ஒயில் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அதை மெக்கானிக் பார்க்காமல் ஸ்ராட் செய்ய வேண்டாம்.

இறக்கிய ஒயிலைக் கிணற்றடியிலோ தோட்டத்திலோ ஊற்றாதீர்கள். எங்கள் நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றுவது அதன் வெடிப்புகளுக்குள்ளால் இறங்கிக் குடிக்கும் தண்ணீரோடு சேரும். மூடியுள்ள கானில் எடுத்து கராச்சில் கொடுங்கள்.

ரேடியேற்றரில் தண்ணீர் விட்டுச் சிறிது நேரம் பாருங்கள். றப்பர் ஹோஸ்கள் வெடித்திருந்தால் கீழே ஒழுகும். எலி கடித்த இடங்களையும் இப்போதே தேடுங்கள், வயர்கள் உட்பட.

படி 3: பற்றரியும் இணைப்புகளும்

வருடக்கணக்காகச் சார்ஜ் இல்லாமல் கிடந்த பற்றரி மீளாது. அதில் காசைச் செலவழிக்க வேண்டாம். தெரிந்தவரிடம் சார்ஜ் உள்ள 12 வோல்ற் பற்றரியை இரவல் வாங்கிச் சோதியுங்கள். கார் திருந்தும் என்று தெரிந்த பிறகு புதிது வாங்கலாம்.

பற்றரியைப் பூட்டும்போது ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். இப்போதைய வாகனங்களில் பற்றரியின் மறை முனை, அதாவது மைனஸ், காரின் உடலோடு இணைக்கப்படும். 1960களின் பிற்பகுதிக்கு முன் செய்யப்பட்ட பிரித்தானியக் கார்கள் பலவற்றில் இது மறுவளம்: நேர் முனை, அதாவது பிளஸ், உடலோடு சேரும். பழைய வயர்களின் தடத்தையும் பொனற்றுக்குள் ஒட்டியிருக்கும் தகட்டையும் பாருங்கள். சிலர் பிற்காலத்தில் மாற்றியும் இருப்பார்கள். நிச்சயமில்லாவிட்டால் ஓட்டோ எலக்ரீசியன் ஒருவரிடம் காட்டிவிட்டுப் பூட்டுங்கள்.

பற்றரி முனைகளில் பச்சையாகவோ வெள்ளையாகவோ படிந்திருப்பதைச் சுடுதண்ணீரில் கழுவி, அரத்தாளால் பளிச்சென்று தேயுங்கள். உடலோடு சேரும் வயரும், எஞ்சினிலிருந்து உடலுக்கு வரும் தட்டையான பட்டியும் முக்கியம். கடற்காற்று வீசும் வடமராட்சியில் கறள் முதலில் பிடிக்கும் இடங்களில் இவையும் சேரும். கழற்றி, தேய்த்து, இறுக்குங்கள்.

இனி முன்விளக்கைப் போட்டுக்கொண்டு ஸ்ராட்டரை இழுத்துப் பாருங்கள்.

விளக்கு மங்கி அணைந்தால் பற்றரியில் சக்தி இல்லை, அல்லது ஒரு இணைப்பு சரியில்லை. விளக்கு மங்காமல் எரிந்து, ஸ்ராட்டரிலும் சத்தமில்லை என்றால் ஸ்ராட்டர் சுவிற்ச்சையும் அதன் வயரையும் பாருங்கள். ஸ்ராட்டர் மட்டும் விர்ரென்று சுற்றி எஞ்சின் சுற்றாவிட்டால், ஸ்ராட்டரின் பற்சில்லு அழுக்கில் ஒட்டி முன்னுக்கு வரவில்லை. டக்கென்ற ஒரு சத்தத்தோடு எல்லாம் நின்றுவிட்டால் பற்சில்லு இறுகிவிட்டது. திறப்பை அணைத்து, உயர்ந்த கியரில் போட்டு, காரை முன்னும் பின்னும் ஆட்டினால் பெரும்பாலும் விடும். ஆட்டிய பிறகு மறக்காமல் நியூற்றலுக்குக் கொண்டுவாருங்கள்.

படி 4: தீப்பொறி

எஞ்சின் நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் இரண்டே கேள்விதான்: தீப்பொறி வருகிறதா, எரிபொருள் வருகிறதா? தீப்பொறியை முதலில் பாருங்கள், அதற்குச் செலவில்லை.

பிளக்குகளின் கரியைக் கம்பித் தூரிகையால் துடைத்து, முனைகளின் இடைவெளி ஏறக்குறைய 0.6 மில்லிமீற்றர் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பிளக்கை அதன் வயரில் செருகி, பிளக்கின் உலோக உடல் எஞ்சினில் படும்படி வையுங்கள். பிளக்கைக் கையால் பிடிக்க வேண்டாம். திறந்த பிளக் துவாரத்துக்கும் பெற்றோல் உள்ள எதற்கும் அருகில் வைக்கவும் வேண்டாம். இன்னொருவர் ஸ்ராட்டரை இழுக்கும்போது நீலநிறப் பொறி டிக் டிக் என்று பாய வேண்டும்.

பொறி வராவிட்டால் டிஸ்ரிபியூற்றர் மூடியைக் கழற்றுங்கள். உள்ளே ஈரத்தைத் துடையுங்கள். வெடிப்பு இருக்கிறதா, நடுவில் உள்ள சிறு கரித்துண்டு இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பொயின்ற்றைப் பாருங்கள். இரண்டு சிறு உலோக முனைகள் தொட்டுத் தொட்டு விலகும் இடம் அது. நெடுநாள் நின்ற காரில் இந்த முனைகளின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் படிந்து மின்சாரத்தை மறித்துவிடும். மிக மெல்லிய அரத்தாளை மடித்து இரண்டுக்கும் நடுவில் விட்டு இழுத்து, சுத்தமான துணியால் துடையுங்கள். முனைகள் ஆகக் கூடுதலாக விலகி நிற்கும்போது இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீற்றர் வரை இருக்க வேண்டும். நெடுநாள் நின்ற பல கார்கள் இந்தப் படியிலேயே உயிர் பெறும்.

துடைத்தும் பொறி மஞ்சளாகவும் பலவீனமாகவும் வந்தால் கண்டென்சரையோ கொயிலையோ மாற்ற வேண்டியிருக்கும். கண்டென்சர் விலை குறைவு, அதை முதலில் மாற்றிப் பாருங்கள். வயர்களை மீளப் பூட்டும்போது நீங்கள் போட்ட அடையாளத்தைப் பின்பற்றுங்கள். இந்த எஞ்சின்கள் வெடிக்கும் ஒழுங்கு 1, 3, 4, 2.

படி 5: எரிபொருள்

ராங் மூடியைத் திறந்து மணந்து பாருங்கள். நல்ல பெற்றோல் மூக்கில் சுரீரென்று ஏறும். கெட்டது வார்னிஷ்போல் மணக்கும். மண்ணெண்ணெய் மணம் உங்களுக்கே தெரியும். கெட்டதையும் மண்ணெண்ணெயையும் ராங்கின் அடி ஆணியால் முழுக்க இறக்குங்கள். குழாய் வைத்து வாயால் உறிஞ்சாதீர்கள். ஒரு வாய் பெற்றோல் நுரையீரலுக்குள் போனால் ஆளையே கொல்லக்கூடும்.

இரண்டு லீற்றர் புதுப் பெற்றோல் விடுங்கள். மின்சார பம்ப் உள்ள கார்களில் திறப்பைப் போட்டதும் டிக் டிக் என்று கேட்டு, பிறகு மெதுவாகி நிற்கும். சத்தமே இல்லாவிட்டால் பம்பின் உடலில் ஸ்குறூ டிறைவரின் மரப்பிடியால் மெல்லத் தட்டிப் பாருங்கள். தட்டியதும் ஓடினால் அதன் பொயின்ற்றைத் துடைக்க வேண்டும். சத்தம் நிற்காமல் ஓடினால் ராங்கில் பெற்றோல் இல்லை, அல்லது எங்கோ காற்று இழுக்கிறது. எஞ்சின் சுற்றும்போது வேலை செய்யும் பம்ப் உள்ள கார்களில், கார்புரேற்றருக்கு வரும் குழாயைக் கழற்றி ஒரு போத்தலுக்குள் விட்டு, கொயிலின் வயரைக் கழற்றிவைத்து, எஞ்சினைச் சுற்றிப் பாருங்கள். பெற்றோல் விட்டு விட்டுப் பாய வேண்டும்.

பெற்றோல் வந்தும் எஞ்சின் பிடிக்காவிட்டால் கார்புரேற்றரின் கிண்ணத்தைத் திறந்து உள்ளே காய்ந்து ஒட்டியிருப்பதைக் கழுவுங்கள். பிறகு சோக்கை இழுத்து ஸ்ராட் செய்யுங்கள். பிளக்குகள் நனைந்து பெற்றோல் மணம் கடுமையாக வந்தால் அதிகம் போய்விட்டது. சோக்கை உள்ளே தள்ளி, கால் மணித்தியாலம் பொறுத்து, அக்சிலேற்றரை முழுக்க மிதித்துக்கொண்டு முயலுங்கள்.

மண்ணெண்ணெய்க் காலத்துப் பழக்கம் ஒன்றை இனி விட்டுவிட வேண்டும். கார்புரேற்றர் வாய்க்குள் நேரே பெற்றோல் ஊற்றி ஸ்ராட் செய்யாதீர்கள். எஞ்சின் பின்னுக்கு வெடித்தால் நெருப்பு உங்கள் முகத்துக்கு வரும். இந்தப் படியைச் செய்யும்போது அருகில் விளக்கு, சுருட்டு, அடுப்பு எதுவும் இருக்கக் கூடாது. ஒரு வாளி மணல் பக்கத்தில் இருக்கட்டும். பெற்றோலையும் மண்ணெண்ணெயையும் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். தாகத்தில் வரும் பிள்ளை அதைச் சோடா என்றே குடிக்கும்.

ஸ்ராட் ஆன பிறகு

கார் வெளியில், திறந்த இடத்தில் நிற்க வேண்டும். மூடிய கொட்டிலுக்குள் எஞ்சின் புகை மணமில்லாமலே ஆளைக் கொல்லும். ஒயில் அமுக்கம் காட்டும் முள் சில செக்கனில் ஏற வேண்டும், அல்லது அதற்குரிய விளக்கு அணைய வேண்டும். இல்லாவிட்டால் உடனே நிறுத்துங்கள். முதல் தடவை ஐந்து நிமிடம் மெதுவாக ஓடவிட்டு நிறுத்தி, எங்கே ஒழுகுகிறது என்று பாருங்கள்.

ஸ்ராட் ஆன மகிழ்ச்சியில் நேரே ஒழுங்கைக்கு எடுத்துவிடாதீர்கள். இத்தனை வருடத்தில் பிறேக் சிலிண்டர்கள் இறுகியிருக்கும், பிறேக் ஒயில் கெட்டிருக்கும், ரயர்கள் வெடித்திருக்கும். எஞ்சினைவிட இவற்றுக்கே கூடுதலாகச் செலவாகலாம். பிறேக்கை ஒரு மெக்கானிக் கழற்றிப் பார்க்கும்வரை காரில் பிள்ளைகளை ஏற்ற வேண்டாம்.

மெக்கானிக்கிடம் போகும்போது

"கார் ஸ்ராட் ஆகுதில்லை" என்று மட்டும் சொன்னால் எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்க்க வேண்டும், அதற்குக் கூலியும் ஆகும். "எஞ்சின் கையால் சுற்றுது, பற்றரி சரி, பொறி வருது, பெற்றோல் வரேல்லை" என்று சொன்னால் அவருக்கு வேலை பாதி முடிந்துவிட்டது. ஐந்து படிகளிலும் கண்டதைக் கொப்பி ஒன்றில் எழுதிக்கொண்டு போங்கள். இந்தக் கார்களிலேயே தொழில் பழகிய மூத்தவர்கள் யார் என்று நெல்லியடியில் விசாரியுங்கள். வேலை தொடங்குமுன் செலவைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பிக் கேளுங்கள்.

பத்திரங்கள்

காரின் பதிவுப் புத்தகம் தொலைந்திருந்தால் பொலிஸில் முறைப்பாடு பதிந்து அதன் பிரதியை எடுத்துக்கொள்ளுங்கள். மறுபிரதிக்கு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பதிவிலக்கத்தையும், எஞ்சினிலும் சசியிலும் பொறித்துள்ள இலக்கங்களையும் எழுதி வைத்திருங்கள். வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் பற்றிக் கரவெட்டியிலுள்ள வடமராட்சி தென்மேற்குப் பிரதேச செயலகத்தில் கேளுங்கள். காப்புறுதியும் வருமான அனுமதிப்பத்திரமும் இல்லாமல் வீதிக்கு எடுக்க முடியாது.

பதிவிலுள்ள உரிமையாளர் இறந்திருந்தால் அல்லது காணாமற்போயிருந்தால், காரை விற்பதற்கோ பெயர் மாற்றுவதற்கோ முன் சட்ட ஆலோசனை பெறுங்கள். வசதி குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இலவசமாக உதவுகிறது.

எல்லாம் பார்த்த பிறகும் காரைத் திருத்துவது கட்டுப்படியாகாது என்று தெரிந்தால் விற்கலாம். அப்போதும் ஓடும் எஞ்சின், நல்ல கார்புரேற்றர், டைனமோ, ஸ்ராட்டர் என்று பாகங்களுக்குத் தனி விலை உண்டு. இதே கார் வைத்திருக்கும் இன்னொருவர் அவற்றைத் தேடிக்கொண்டிருப்பார். இரும்பு விலைக்குக் கொடுக்குமுன் நான்கு இடத்தில் கேளுங்கள். உரிமை மாற்றத்தை முறைப்படி எழுதாமல் பதிவுப் புத்தகத்தை ஒருவரிடமும் கொடுக்காதீர்கள்.